சென்னையிலிருந்து திருகோணமலைக்குப் பாய்மரப் படகில் செல்வோருக்கான முதலுதவிப் பெட்டி: எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது?

வங்கக்கரை (சென்னை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்ச் தொடக்கத்தில், வாடைக்காற்று தணிந்து கடல் ஓரளவு அமைதியாக இருக்கும் நாட்களில், 34 அடி நீளமுள்ள பாய்மரப் படகில் நாங்கள் நால்வர் சென்னைத் துறைமுகத்திலிருந்து திருகோணமலைக்குப் புறப்படத் திட்டமிட்டிருக்கிறோம். நேர்கோட்டில் ஏறத்தாழ 275 கடல் மைல் தொலைவு. சராசரியாக ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகம் கிடைத்தால் இரண்டரை நாட்களுக்குள் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவைக் கண்ணால் பார்த்துவிடலாம். சுங்கம், குடியேற்றம் தொடர்பான அனுமதிகளை முகவர் ஒருவர் கவனித்துக்கொள்கிறார்.

எனக்குக் கவலை தருவது முதலுதவிப் பெட்டி. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டி ஒன்றை வாங்கித் திறந்து பார்த்தேன். சிறு பிளாஸ்திரிகள், ஒரு கட்டுப் பஞ்சு, கிருமிநாசினிப் புட்டி ஒன்று, காகிதம் வெட்டும் அளவிலான கத்தரிக்கோல் ஆகியவைதாம் அதில் இருந்தன. அரை மணி நேரத்தில் மருத்துவமனையை அடைந்துவிடக்கூடிய மகிழுந்துப் பயணத்துக்கு அது போதும். கடலுக்குப் போதாது என்பது தெரிகிறது. எங்களில் ஒருவருக்கு வயது 61, இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்கிறார். மற்ற மூவருக்கும் நோய் எதுவும் இல்லை. தையல் போடும் கருவிகள், உயிர் எதிர்ப்பு மருந்துகள் (ஆன்டிபயாடிக்) போன்றவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டுமா, எந்த இடத்தில் வைப்பது, எல்லை கடக்கும்போது மருந்துகளால் சிக்கல் வருமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


நாகை மருத்துவர் எழுதியது:

நண்பர் வங்கக்கரைக்கு வணக்கம். பட்டியலில் தொடங்காமல் வரைபடத்தில் தொடங்குங்கள். நீங்கள் சொல்லும் நேர்கோட்டில் சென்றால், பயணத்தின் நடுப்பகுதியில் நாகப்பட்டினம், கோடியக்கரைக் கரைகள் உங்களுக்கு மேற்கே ஐம்பது கடல் மைலுக்கும் அப்பால் இருக்கும். அங்கே ஒருவருக்கு அடிபட்டால், உடனே சுக்கானைத் திருப்பினாலும் கரை சேரப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே உங்கள் பெட்டிக்கு நான் தரும் அளவுகோல் இதுதான்: காயம்பட்டவரைப் பன்னிரண்டு மணி நேரம் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ள நால்வரும் அறிந்த முறையில் பயன்படக்கூடியது எதுவோ அது உள்ளே இருக்கட்டும்; எவருக்கும் பயன்படுத்தத் தெரியாதது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கரையிலேயே இருக்கட்டும்.

பாய்மரப் படகில் என்னென்ன நேரும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். பாயின் அடித்தண்டான பூம் திடீரென மறுபக்கம் வீசித் தலையில் அடிப்பது, கயிற்றை இழுக்கும் உருளையான வின்ச்சில் சுற்றிய கயிற்றில் விரல் அகப்படுவது, ஓடும் கயிறு உள்ளங்கைத் தோலை உரிப்பது, அடுப்பில் இருந்த கொதிநீர் தொடையில் கொட்டுவது, ஈரத் தளத்தில் வழுக்கி விலா எலும்பு முறிவது, தூண்டில் முள் ஏறுவது, இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கடல் மயக்கம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு தனிப் பை என்று பிரித்து, ‘இரத்தப்போக்கு’, ‘தீப்புண்’, ‘எலும்பு முறிவு’, ‘வாந்தி’ என்று பெரிய எழுத்தில் வெளியே எழுதுங்கள். மருந்தின் பெயரைக் கொண்டு தேட வேண்டிய பெட்டி, ஆடும் படகில் இரவு இரண்டு மணிக்குக் கைவிளக்கு வெளிச்சத்தில் எவருக்கும் உதவாது.

இரத்தப்போக்குப் பையில் அகலமான காஸ் துணிகள், அழுத்திக் கட்டுவதற்கான க்ரேப் பேண்டேஜ்கள், கையுறைகள், துணியை வெட்டும் தடித்த கத்தரிக்கோல், முறையாகத் தயாரிக்கப்பட்ட டூர்னிக்கே (இரத்த ஓட்டத்தை நிறுத்தக் கை, காலை இறுக்கும் பட்டை) ஒன்று ஆகியவை இருக்கட்டும். பெரும்பாலான இரத்தப்போக்கு, இடைவிடாமல் பத்து நிமிடம் நேரடியாக அழுத்திப் பிடித்தாலே நின்றுவிடும். நடுநடுவே துணியை எடுத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. கையிலோ காலிலோ அப்படியும் நிற்காத பெருக்குக்கு மட்டுமே டூர்னிக்கே. அதைக் காயத்துக்கு மேலே ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின் மீது படாமல் இறுக்கி, இறுக்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே நீரில் அழியாத எழுதுகோல் ஒன்றைப் பைக்குள் கட்டித் தொங்கவிடுங்கள்.

தீப்புண்ணுக்கு வேண்டிய முதல் மருந்து தண்ணீர். இருபது நிமிடம் தொடர்ந்து ஊற்ற வேண்டும். குடிநீரை அளந்து செலவிடும் படகில் அது இயலாது என்று தயங்காமல், சுத்தமான கடல்நீரை வாளியில் மொண்டு ஊற்றி, கடைசியில் நன்னீரால் அலசுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். அதன்பின் சமையலறையில் உணவை மூடப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் துண்டுகளாகப் புண்ணின் மேல் பரப்பலாம். கையைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றக் கூடாது. பற்பசையும் பேனா மையும் பூசும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அதைக் கடலிலாவது தயவுசெய்து கைவிடுங்கள்.

தலையில் அடிபட்டவருக்குப் பெட்டிக்குள் மருந்து எதுவும் இல்லை. அவரை விட்டு விலகாமல் கவனிக்க ஒரு மனிதரும், எதைக் கவனிப்பது என்று எழுதிய தாளும்தான் தேவை. மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்ப முடியாத உறக்கம், குழப்பமான பேச்சு, கண்மணிகளின் அளவில் வேறுபாடு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் கரைக்குத் திரும்புவதும் உதவி கேட்பதும் உடனே நடக்க வேண்டும். கடலில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: வாந்தி கடல் மயக்கத்தாலும் வரும், உறக்கம் அதற்கான மாத்திரையாலும் வரும். எனவே அடிபட்டவர் எந்த மாத்திரையை எப்போது உட்கொண்டார் என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரினும் ஐபூப்ரோஃபெனும் இரத்தம் உறைவதைத் தடுக்கக்கூடியவை என்பதால் தலைக் காயத்தில் தவிர்க்க வேண்டியவை.


கொட்டியாரம் (திருகோணமலை) எழுதியது:

வைத்தியர் கூறியவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். வைக்கும் இடம் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெரும்பாலான குளிசைகளின் உறையில் 25 அல்லது 30 பாகைக்குக் கீழே வைக்குமாறு எழுதப்பட்டிருக்கும். நண்பகலில் மூடிய கேபினின் மேற்பகுதி அதைவிட எவ்வளவோ சூடாகிவிடும். ஆகவே மருந்துகளை இயந்திரத்திலிருந்து விலகிய, நீர்மட்டத்துக்குக் கீழான ஒரு பெட்டியறையில், கடல்நீர் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள். படகில் மிகக் குளிர்ச்சியான இடம் அதுவே. கழிவறை அலமாரியில் வைப்பது பலரின் வழக்கம். ஈரப்பதத்தால் மாத்திரைகள் கெடுவதற்கு அதைவிட மோசமான இடம் இல்லை. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துப் போத்தலில் கொட்ட வேண்டாம். காஸ் துணிகளையும் கட்டுத்துணிகளையும் காற்றை உறிஞ்சி ஒட்டும் பிளாஸ்டிக் உறைகளில் அடைத்தால், பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தாலும் அவை உலர்ந்தே இருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். காக்பிட்டில் (சுக்கான் பிடிப்பவர் அமரும் திறந்த இடம்) கைக்கு எட்டும் தூரத்தில் சிறு பை ஒன்று தனியாக இருக்க வேண்டும். 2018 செப்டம்பர் 21 அன்று, உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் போட்டியில் தனியே சென்றுகொண்டிருந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு, பெர்த்துக்கு மேற்கே ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவில் புயலில் புரண்டு பாய்மரங்களை இழந்தது. முதுகெலும்பில் காயமுற்ற அவர் நடக்க இயலாமல், உண்டதெல்லாம் வாந்தியாக, படுக்கையிலேயே கிடந்தார். செப்டம்பர் 24 அன்று ஓசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் வந்தே அவரை மீட்டது. அசைய முடியாதவருக்கு, படகின் மறுமுனையில் உள்ள பெட்டி இருந்தும் இல்லாததற்குச் சமம். நீங்கள் நால்வர் செல்கிறீர்கள், கடலும் அத்தகையது அல்ல. என்றாலும் படுத்த நிலையிலிருந்து தண்ணீரும் வாந்தி மருந்தும் விளக்கும் எட்டுகின்றனவா என்பதை ஒவ்வொரு படுக்கையிலும் படுத்துப் பாருங்கள்.


பினாங்குக் கடலோடி எழுதியது:

மருத்துவரின் அளவுகோல் சற்றுக் குறுகியது என்று எனக்குப் படுகிறது. பன்னிரண்டு மணி நேரம் என்பது காற்றும் இயந்திரமும் ஒத்துழைத்தால் மட்டுமே. காற்று விழுந்து இயந்திரமும் நின்றுவிட்டால் அது இரண்டு நாட்களாகலாம். தனியே உலகைச் சுற்றும் 1992–93 வாண்டே குளோப் பாய்மரப் படகுப் போட்டியில் பெர்த்ரான் ட ப்ரோக் தன் நாக்கில் பட்ட வெட்டை, கரையிலிருந்து மருத்துவர் டெலக்ஸில் அனுப்பிய குறிப்புகளைப் படித்துத் தானே தைத்துக்கொண்டார். 1998-இல் ருஷ்யக் கடலோடி விக்டர் யாசிகோவ், பாஸ்டனில் இருந்த மருத்துவரின் மின்னஞ்சலைப் பின்பற்றித் தன் முழங்கையில் இருந்த சீழ்க்கட்டியை அறுத்துத் திறந்தார். கருவிகள் கையில் இல்லாதிருந்தால் அந்த ஆலோசனைகளால் என்ன பயன் விளைந்திருக்கும்? தையல் ஊசி, நூல், நரம்பு வழியாகச் செலுத்தும் திரவம், இரண்டு வகை உயிர் எதிர்ப்பு மருந்துகள் ஆகியவை இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே என் கருத்து. அவை பெரிய இடத்தை அடைக்கப் போவதில்லை.


நாகை மருத்துவர் எழுதியது:

பினாங்கு நண்பரின் கேள்வி நியாயமானது, ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட இருவரும் கரையிலிருந்து வாரக்கணக்கில் விலகியிருந்த தனிப் பயணிகள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. வங்கக் கடலின் மேற்கோரத்தில் இரண்டரை நாள் செல்பவர்களுக்கு வழி இருக்கிறது.

தையல் என்பது காயத்தை ஆற்றுவதில்லை, மூடுகிறது. நன்கு கழுவப்படாத காயத்தை மூடினால், உள்ளே இருக்கும் கிருமிகளையும் சேர்த்தே மூடுகிறோம். கடல்நீர் பட்ட காயத்தில் இந்த ஆபத்து கூடுதல். விப்ரியோ வகைக் கிருமிகள் வெதுவெதுப்பான கடல்நீரில் வாழ்பவை, நீரிழிவும் கல்லீரல் நோயும் உள்ளவர்களிடம் மிக விரைவாகப் பரவக்கூடியவை. ஆகவே ஊசிக்கும் நூலுக்கும் பதிலாக 20 மில்லிலிட்டர் சிரிஞ்ச் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீரை அதில் நிரப்பி, அழுத்தத்தோடு மீண்டும் மீண்டும் பீய்ச்சிக் காயத்தைக் கழுவி, தோலின் ஓரங்களை நெருக்கிப் பிடிக்கும் ஒட்டுப்பட்டைகளைப் போட்டு, மேலே உலர்ந்த துணியால் கட்டினால் போதும். ஆழமான, அழுக்கேறிய காயத்தைத் திறந்த நிலையிலேயே ஈரக் காஸ் வைத்து மூடிக் கொண்டுவந்தால், மூன்று முதல் ஐந்து நாட்கள் கழித்தும் மருத்துவரால் அதைத் தைக்க முடியும். தைக்காமல் கொண்டுவந்தமைக்காக எந்த மருத்துவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்.

நரம்பு வழித் திரவமும் அப்படியே. ஆடும் படகில், நீர் வற்றிச் சுருங்கிய நரம்பைத் தேடிப் பிடிப்பது பயிற்சி பெற்ற செவிலியருக்கே கடினம். உயிர் எதிர்ப்பு மருந்தில் நான் முழு மறுப்பாளர் அல்ல. உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் பயணத்தைச் சொல்லி, நால்வரின் ஒவ்வாமை வரலாற்றையும் காட்டி, அவர் எழுதித் தரும் ஒரே ஒரு மருந்தை, எந்த அறிகுறிக்கு எத்தனை நாள் என்ற அவருடைய குறிப்போடு வைத்துக்கொள்ளுங்கள். கடுமையான ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியை மட்டும், அவர் சம்மதித்து நால்வருக்கும் தொடையின் வெளிப்பக்கத் தசையில் செலுத்தக் கற்றுக்கொடுத்தால், எடுத்துச் செல்வதை ஆதரிக்கிறேன். அங்கே சில நிமிடங்களே உயிரைத் தீர்மானிக்கின்றன.


தரங்கம்பாடி எழுதியது:

எங்கள் குடும்பத்தில் தலைமுறைகளாகக் கடல் தொழில் செய்கிறோம். பாய்மரப் படகுக்காரர்கள் எழுதும் பட்டியல்களில் கடல் உயிர்களால் நேரும் காயங்கள் பெரும்பாலும் விடுபட்டுவிடுகின்றன என்பதால் இதை எழுதுகிறேன். நீங்கள் குளிப்பதற்காகக் கடலில் இறங்கினாலும், வழியில் தூண்டில் போட்டாலும், சுக்கானில் சிக்கிய வலையை அறுக்க முழுகினாலும் சொறியும் (ஜெல்லி மீன்) திருக்கையும் கெளுத்தியும் குறுக்கே வரும். தூண்டிலில் வந்த கெளுத்தியைக் கழற்றும்போது அதன் முள் உள்ளங்கையில் ஏறினால் உண்டாகும் வலியில் பெரிய ஆண்களும் அழுவதை எங்கள் கரையில் காணலாம். சூடு தாங்கும் அளவு வெந்நீரில் அந்தக் கையை அமிழ்த்தி வைப்பதுதான் எங்கள் பெரியவர்கள் செய்துவந்த வைத்தியம். அது சரியானதா, சொறி பட்டால் மணலைத் தேய்ப்பது சரியா என்பதை மருத்துவர் அவர்கள் சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கும் உதவியாக இருக்கும்.


நாகை மருத்துவர் எழுதியது:

உங்கள் பெரியவர்கள் செய்தது முற்றிலும் சரி. கெளுத்தி, திருக்கை, கல்மீன் ஆகியவற்றின் முள்நஞ்சு தரும் வலி வெப்பத்தில் தணிகிறது. 45 பாகைக்கு மேற்படாத வெந்நீரில் முப்பது முதல் தொண்ணூறு நிமிடம் வரை அமிழ்த்தலாம். வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாது என்பதால், உதவி செய்பவர் தன் கையை முதலில் நீரில் வைத்துப் பார்க்க வேண்டும். திருக்கை வாலால் மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்கக் கூடாது. அப்படியே அசையாமல் கட்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

சொறிக்கு மணலும் வேண்டாம், நன்னீரும் வேண்டாம். தேய்க்கும்போதும் நன்னீர் படும்போதும் தோலில் ஒட்டியுள்ள, இன்னும் வெடிக்காத நஞ்சுக் கூடுகள் வெடிக்கும். எந்த வகைச் சொறி என்று தெரியாத வெப்பக் கடல்களில், முதலில் முப்பது விநாடி வினிகரை ஊற்றி, பிறகு இழைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். மேலே மிதக்கும் நீலக் குமிழியைக் கொண்ட வகை என்று உறுதியாகத் தெரிந்தால் கடல்நீரால் அலசி, வெந்நீரில் வையுங்கள். ஒரு லிட்டர் வினிகர் மலிவானது, சமையலுக்கும் ஆகும்.

கடல் பாம்பு பற்றி ஒரு முக்கியச் செய்தி. நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் உரியது; கடல் பாம்பு நஞ்சை அது முறிக்காது. கடி வலியே இல்லாமல் இருக்கலாம். பல மணி நேரம் கழித்துத் தசை வலியும் கருத்த சிறுநீரும் மூச்சுத் தளர்ச்சியும் தோன்றலாம். கடிபட்ட கை அல்லது கால் முழுவதையும் க்ரேப் பேண்டேஜால் சுற்றி, சிம்பு (தாங்குகட்டை) வைத்து அசையாமல் செய்து, நடக்கவிடாமல் கொண்டுவாருங்கள். கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். எனவே அகலமான க்ரேப் பேண்டேஜ் குறைந்தது நான்கு தேவை; கடைப் பெட்டியில் அத்தனை இருக்காது.


வங்கக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தையல் கருவிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கடல் மயக்கத்துக்கு எந்த மாத்திரை நல்லது என்பதில் எங்கள் நால்வருக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது பொருந்துமா என்பதும் தெரிய வேண்டும்.


நாகை மருத்துவர் எழுதியது:

சின்னரிசின், புரோமெத்தசின், மெக்லிசின் ஆகிய மூன்றுமே பயன்படுபவை; எது எவருக்குப் பொருந்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மாத்திரையைப் பயணத்தன்று முதன்முதலாகச் சோதிக்காதீர்கள். ஒரு விடுமுறை நாளில் கரையிலேயே உட்கொண்டு, எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பாருங்கள். இரவுக் காவல் இருப்பவர் சுக்கானில் உறங்கிவிடக் கூடாது. வாந்தி தொடங்கியபின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் நிற்காது என்பதால், புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது, புரோமெத்தசின் என்றால் முந்தைய இரவே, உட்கொள்ள வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ப்பதை அவருடைய மருத்துவரே தீர்மானிக்கட்டும். அவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: வாந்தியால் உடலில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரையைத் தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா? சில வகை மாத்திரைகள் அந்நிலையில் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும், ஐபூப்ரோஃபெனும் அப்படித்தான்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை ஆளுக்கு ஆறு என்ற கணக்கில் வாங்குங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு பொட்டலத்தில் 20.5 கிராம் இருக்கும், அதை ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் நீருக்குச் சமமட்டமான ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். வாந்தி எடுப்பவருக்குக் குவளையில் கொடுக்காமல், சில நிமிடங்களுக்கு ஒரு கரண்டி என்று பொறுமையாகக் கொடுங்கள்.

61 வயதானவரை முன்னிட்டு 300 அல்லது 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஓர் அட்டையும் இருக்கட்டும். மாரடைப்பு என்று ஐயம் எழுந்தால், ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லாதவரிடம், ஒன்றை மென்று விழுங்கச் சொல்லிவிட்டு உடனே உதவியை அழையுங்கள்.


கொட்டியாரம் எழுதியது:

உதவியை எப்படி அழைப்பது என்பதையும் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத மருத்துவ அவசரத்துக்கு விஎச்எஃப் கடல் வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் பான்-பான் என்று மும்முறை கூறித் தொடங்க வேண்டும். இந்தியப் பக்கத்தில் சென்னையில் உள்ள கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் பொறுப்பு; கைபேசி எட்டும் தூரத்தில் 1554 என்ற எண்ணும் உண்டு. இலங்கைப் பக்கத்தில் கொழும்பு மையத்தைக் கடற்படை நடத்துகிறது. கையடக்க வானொலி நடுக்கடலிலிருந்து கரைக்கு எட்டாது என்பதால், பாய்மர உச்சியில் அலைவாங்கி பொருத்திய நிலையான கருவியும், 406 மெகாஹெர்ட்ஸ் அபாயச் செய்திக் கருவியும் அவசியம். செயற்கைக்கோள் தொலைபேசியை நம்பித் திட்டமிடும் வெளிநாட்டவர்கள் கவனிக்க: இந்தியாவில் அதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி வேண்டும், அனுமதியின்றிக் கொண்டுவந்து சிக்கலுக்கு உள்ளானவர்கள் உண்டு. தொடர்பு கிடைத்தால், ரோமில் 1935 முதல் இயங்கும் சி.ஐ.ஆர்.எம். என்ற மையம் எந்நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக மருத்துவ ஆலோசனை தருகிறது.

எல்லையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு மருந்தின் வேதிப் பெயரும் அளவும் எண்ணிக்கையும் கொண்ட பட்டியலை வைத்தியரின் கையொப்பத்துடன் இரண்டு பிரதிகள் வைத்திருங்கள். வலிக்கென்று டிரமடால், கோடீன் போன்றவற்றை எடுத்துவர வேண்டாம். டிரமடால் 2018 முதல் இந்தியாவிலேயே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. சுங்கச் சோதனையில் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல்.


பினாங்குக் கடலோடி எழுதியது:

தையல் பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். சிரிஞ்சால் கழுவுவதை நானும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். என் பங்குக்கு இரண்டு பொருள்களைச் சொல்கிறேன்: பல்லில் அடைத்தது விழுந்துவிட்டால் தற்காலிகமாக அடைக்கும் பசை, கிராம்பு எண்ணெய். பல்வலியோடு இரவுக் காவல் இருப்பது எத்தகைய துன்பம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். எண்ணெயைப் பஞ்சில் நனைத்துப் பல்லில் மட்டும் வைக்க வேண்டும், ஈறில் பட்டால் எரியும்.


வங்கக்கரை எழுதியது:

மருந்துகளை வாங்குவதற்கு முன் இந்த ஞாயிறு நாங்கள் நால்வரும் படகில் கூடி, ஒருவர் கைமுறிந்தவராகப் படுத்துக்கொள்ள, மற்றவர் இருட்டில் பைகளைத் தேடி எடுத்துக் கட்டுப்போட்டுப் பார்க்கப் போகிறோம். எந்தப் பை எந்தக் கதவுக்குப் பின்னால் என்ற வரைபடத்தை அதன் பிறகே எழுதுவேன். கொட்டியாரம் அண்ணா, திருகோணமலையில் வந்து சேர்ந்தபின், பயன்படுத்தித் தீர்ந்த ஓ.ஆர்.எஸ்., கட்டுத்துணி முதலியவற்றை வாங்கும் கடைகள் துறைமுகத்துக்கு அருகில் இருக்கின்றனவா?


கொட்டியாரம் எழுதியது:

இருக்கின்றன தம்பி. ஓ.ஆர்.எஸ்., பனடோல், கட்டுத்துணி, வினாகிரி எல்லாம் நகரில் எளிதாக வாங்கலாம். உங்கள் நண்பரின் இரத்த அழுத்தக் குளிசை மட்டும் இங்கே வேறு வணிகப் பெயரில் இருக்கக்கூடும். ஆகவே திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து, அதற்கு மேல் ஒரு வாரத்துக்கும், அங்கிருந்தே எடுத்து வரச் சொல்லுங்கள். இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைப் பெட்டியிலும் மறுபாதியை அவருடைய பையிலும் வையுங்கள்.